வெப்ஜிஎல் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரவுசருக்குள் கிராஃபிக்ஸ் எழுதக் கற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வெறும் வெப்ஜிஎல்லில், அதாவது பிரவுசர் வழியாக ஜிபியுவை வரையச் சொல்லும் கட்டளைகளில் எழுதினாலும் த்ரீ.ஜேஎஸ் போன்ற லைப்ரரி வழியாக எழுதினாலும், அடியில் நடப்பது ஒன்றே என்பதால் பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

திரை காலியாக இருக்கிறது. கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஏன் சத்தமே இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத ஃபங்ஷனை அழைத்தால் எக்ஸெப்ஷன் வந்து நிரல் அங்கேயே நிற்கும். வெப்ஜிஎல் அப்படி இல்லை. 2011இல் வந்த 1.0 பதிப்பு ஓப்பன்ஜிஎல் இஎஸ் என்ற கிராஃபிக்ஸ் தரநிலையின் 2.0ஐயும், 2017இல் வந்த 2.0 பதிப்பு இஎஸ் 3.0ஐயும் அடிப்படையாகக் கொண்டவை. அந்தக் குடும்பத்தில், கட்டளை தப்பாக இருந்தால் உள்ளே ஒரு குறியைப் போட்டுவிட்டு, அந்தக் கட்டளையை மட்டும் தள்ளிவிட்டு, அடுத்ததற்குப் போய்விடுவதுதான் வழக்கம். உங்கள் நிரல் கடைசி வரி வரை ஓடி முடியும். ஆனால் திரையில் ஒன்றும் இருக்காது.

அதைவிட மோசம், கட்டளைகள் எல்லாம் சட்டப்படி சரியாக இருந்தும் முக்கோணம் கேமராவுக்குப் பின்னால் போய் விழுந்திருப்பது. அதைப் பிழை என்று வெப்ஜிஎல் எங்கேயும் சொல்லாது. ஆகவே "என்ன தப்பு" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எது வரை சரியாக நடந்தது" என்று கேளுங்கள். வெர்டெக்ஸில் (உருவத்தின் மூலைப்புள்ளியில்) தொடங்கிப் பிக்சலில் முடியும் பாதையை நடுவில் வெட்டி, எந்தப் பாதியில் கோளாறு என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். முதல் வேலையாக, துடைக்கும் நிறத்தை ஒரு பளிச்சென்ற மெஜந்தாவாக மாற்றுவேன். பலர் அதைக் கறுப்பாக வைத்திருப்பார்கள். அப்போது எதுவுமே வரையப்படவில்லையா, கறுப்பாக வரையப்பட்டதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. மெஜந்தா தெரிந்தால் கேன்வாஸும் (வரையும் பரப்பு) கான்டெக்ஸ்டும் (அதில் வரைய வெப்ஜிஎல் தரும் இணைப்பு) உயிரோடு இருக்கின்றன. அதன் மேல் கறுப்பாக ஓர் உருவம் தெரிந்தால் வடிவம் சரி, நிறம்தான் தப்பு. டெக்ஸ்சரையோ (பொருளின் மேல் ஒட்டும் படம்) ஒளிக் கணக்கையோ பாருங்கள். மெஜந்தா மட்டும் தெரிந்தால் உருவம் திரைக்கே வரவில்லை.

அப்படியானால் ஒரே ஒரு புள்ளியை வரைந்து பாருங்கள். பஃபர் (வெர்டெக்ஸ் தரவு இருக்கும் நினைவகம்) வேண்டாம், அட்ரிப்யூட் (அதிலிருந்து ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் வரும் மதிப்பு) வேண்டாம், மேட்ரிக்ஸ் (இடத்தை மாற்றும் எண் அட்டவணை) வேண்டாம். வெர்டெக்ஸ் ஷேடரில் (வெர்டெக்ஸின் இடத்தைக் கணக்கிடும் ஜிபியு நிரல்) இடத்தை 0, 0, 0, 1 என்றும் புள்ளியின் அளவை 50 என்றும் எழுதுங்கள். பிக்சலின் நிறத்தைத் தரும் ஃபிராக்மென்ட் ஷேடரில் வெறும் சிவப்பு. வரையும் கட்டளையில் பாயின்ட்ஸ், தொடக்கம் 0, எண்ணிக்கை 1. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம் வந்துவிட்டால் ஷேடர், புரோகிராம் (இரண்டு ஷேடரும் சேர்ந்தது), வியூபோர்ட் (கேன்வாஸில் வரையும் பகுதி) எல்லாம் சரி. மீதி இருப்பது உங்கள் தரவும் மேட்ரிக்ஸும்தான்.

மேட்ரிக்ஸைச் சந்தேகித்தால் ஒரு வெர்டெக்ஸை எடுத்து ஜாவாஸ்கிரிப்டிலேயே பெருக்கிக் கன்சோலில் அச்சிடுங்கள். விடையில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும், நான்காவது எண்ணான டபிள்யூவை வைத்து, கழித்தல் டபிள்யூவுக்கும் கூட்டல் டபிள்யூவுக்கும் இடையில் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் அது திரைக்கு வெளியே வெட்டப்பட்டுவிடும். "நான்" என்று வந்தால், அதாவது எண்ணே அல்லாத மதிப்பு வந்தால், கேன்வாஸின் அகலமும் உயரமும் 0 ஆக இருக்கும்போது அகல விகிதம் கணக்கிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கெட்எரர் 1282 என்கிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெப்ஜிஎல் உள்ளே போட்டுவைத்த பிழைக் குறியைக் கேட்டு வாங்கும் அழைப்புதான் கெட்எரர். 1282 என்றால் அந்தக் கட்டளை இப்போதைய நிலையில் செல்லாது என்று பொருள். யூஸ்புரோகிராம் அழைக்காமல் யூனிஃபார்ம் (ஒரு வரைதல் முழுவதற்கும் பொதுவான) மதிப்பு கொடுப்பது, ஒரு புரோகிராமின் யூனிஃபார்ம் இடத்தை இன்னொரு புரோகிராம் ஓடும்போது பயன்படுத்துவது, வரைய வேண்டிய வெர்டெக்ஸ்களின் எண்ணிக்கை பஃபரில் இருப்பதைவிட அதிகமாக இருப்பது, எந்த டெக்ஸ்சருக்குள் வரைகிறோமோ அதையே அதே நேரத்தில் படிப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். 1280 தப்பான மாறிலி. 1281 வரம்புக்கு வெளியே உள்ள எண். 1285 நினைவகம் போதவில்லை. 1286 ஃபிரேம்பஃபர் (படம் வரையப்படும் இடம்) முழுமையாக இல்லை. 37442 வந்தால் கான்டெக்ஸ்டே போய்விட்டது.

இந்த எண் நீங்கள் கேட்ட வரியைப் பற்றியது அல்ல என்பதைக் கவனியுங்கள். கடைசியாக நீங்கள் கேட்டதற்குப் பிறகு எங்கோ நடந்தது அது, படித்ததும் அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வெப்ஜிஎல் அழைப்புக்குப் பின்னும் தானாகக் கெட்எரர் கேட்கும் ஓர் உறையை எழுதிக்கொள்ளுங்கள். இருபது வரிகூட ஆகாது. ஆனால் அந்த உறையை மக்களுக்குக் கொடுக்கும் பதிப்பில் விட்டுவைக்காதீர்கள். கட்டளைகள் வேறொரு புராசஸில் ஓடிக்கொண்டிருக்க, கெட்எரர் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஜாவாஸ்கிரிப்ட் பதிலுக்காகக் காத்து நிற்கும். படம் கண்ணுக்குத் தெரிந்தே தடுமாறும்.

கெட்எரரும் பிடிக்காத ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். முக்கோணம் வரைய "ட்ரையாங்கிள்ஸ்" என்று எழுத வேண்டிய இடத்தில் கடைசி எஸ்ஸை விட்டுவிட்டு "ட்ரையாங்கிள்" என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு மாறிலி கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் அன்டிஃபைன்ட் தரும், வெப்ஜிஎல் அதை 0 ஆக எடுத்துக்கொள்ளும். 0 என்பது பாயின்ட்ஸின் மதிப்பு! முழுக்கச் செல்லுபடியாகும் கட்டளை. நீங்கள் முக்கோணம் கேட்டீர்கள், அது புள்ளி வரைய முயன்றது. பிழை எதுவும் பதிவாகவில்லை. மாணவர் ஒருவரின் நிரலில் இந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போனது. டைப்ஸ்கிரிப்டில் எழுதினால் இல்லாத பெயரை எடிட்டரே அடிக்கோடிட்டுக் காட்டிவிடும். அதற்காகவாவது அதைப் பழகிக்கொள்ளச் சொல்வேன்.

ஷேடர் கம்பைல் ஆகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்களாகக் கேட்டால்தான் தெரியும். கம்பைல் செய்த பிறகு அதன் நிலையைக் கேளுங்கள். பொய் என்று வந்தால் கெட்ஷேடர்இன்ஃபோலாக் தரும் செய்தியை அச்சிடுங்கள். லிங்க் செய்த பிறகும் அதே மாதிரி புரோகிராமுக்குக் கேட்க வேண்டும். ஷேடர்கள் இரண்டும் தனித்தனியே கம்பைல் ஆகி, சேர்க்கும்போது உடைவது சகஜம். வெர்டெக்ஸ் ஷேடர் அனுப்பும் வேரியிங்கின் வகையும் ஃபிராக்மென்ட் ஷேடர் எதிர்பார்க்கும் வகையும் வேறாக இருந்தால் லிங்க்கில்தான் தெரியவரும்.

செய்தி "எரர்: 0:5" என்று தொடங்கும். இரண்டாவது எண்தான் வரி எண். ஷேடரை பேக்டிக் குறிக்குள் எழுதி முதல் வரியைக் காலியாக விட்டிருந்தால் அந்தக் காலி வரியும் கணக்கில் சேரும். த்ரீ.ஜேஎஸ் உங்கள் ஷேடருக்கு மேலே தன்னுடைய வரிகளை ஏராளமாகச் சேர்ப்பதால், அங்கே வரி எண் உங்கள் கோப்போடு பொருந்தவே பொருந்தாது. பிழை வந்தால் அது அச்சிடும் வரியின் உரையைப் பார்த்துத் தேடுங்கள்.

அந்தச் செய்திகளில் அதிகம் வருபவை எவை?

முழு எண்ணையும் தசம எண்ணையும் கலப்பது. ஷேடர் மொழி தானாக மாற்றித் தராது. ஃப்ளோட் மாறிக்கு 1 என்று எழுதினால் பிழை, 1.0 என்று எழுத வேண்டும். இரண்டாவது, ஃபிராக்மென்ட் ஷேடரின் தலையில் ஃப்ளோட்டின் துல்லியத்தைச் சொல்லாமல் விடுவது. மூன்றாவது, வெப்ஜிஎல் 2க்கான "வெர்ஷன் 300 இஎஸ்" வரிக்கு முன்னால் ஒரு காலி வரி இருப்பது. அந்த வரி ஷேடரின் முதல் வரியாகவே இருந்தாக வேண்டும். பேக்டிக்கை ஒட்டியே எழுதுங்கள்.

அட்ரிப்யூட்டின் இடம் -1 என்று வருகிறது. பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

பெயர் சரியாக இருக்கலாம், ஷேடர் அதைப் பயன்படுத்துகிறதா? அறிவித்துவிட்டு இறுதி நிறத்துக்கோ இடத்துக்கோ தேவைப்படாத மாறியைக் கம்பைலர் நீக்கிவிடலாம். பிழை தேடுவதற்காக ஒளிக் கணக்கை கமென்ட் செய்துவிட்டுச் சிவப்பை மட்டும் வைத்தீர்கள் என்றால், நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) அட்ரிப்யூட்டும் கூடவே காணாமல் போகும். அந்த -1ஐ அப்படியே அடுத்த அழைப்புக்குக் கொடுத்தால் 1281 வரும். யூனிஃபார்ம் என்றால் "நல்" (null), அதாவது வெற்று மதிப்பு வரும். நல்லுக்கு மதிப்பு கொடுத்தால் வெப்ஜிஎல் எதுவும் சொல்லாமல் விட்டுவிடும். ஆகவே பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் வெளியே தெரியாது. நல் வந்தால் கன்சோலில் எச்சரிக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

டெக்ஸ்சர் போட்டால் பொருள் கறுப்பாகிவிடுகிறது. ஏன்?

டெக்ஸ்சர் முழுமையாக இல்லை என்றால் ஷேடர் அதைப் படிக்கும்போது கறுப்புதான் கிடைக்கும். இதற்குப் பிழை எண் கிடையாது; க்ரோம் சில சமயம் டெக்ஸ்சர் வரையத் தக்கதல்ல என்று மஞ்சள் எச்சரிக்கை தரும்.

எளிதான காரணம், படம் இன்னும் வந்து சேரவில்லை. டெக்ஸ்சர் உருவாக்கியதும் ஒரே ஒரு பிக்சலை மெஜந்தாவாக ஏற்றி வைத்துவிட்டு, படம் வந்ததும் மாற்றுங்கள். மெஜந்தாவாகவே நின்றால் படம் வரவில்லை, கறுப்பானால் ஏற்றியதில் கோளாறு என்று தெரியும்.

அடுத்த காரணம் மிப்மேப், அதாவது படத்தின் சிறிதாக்கிய நகல்களின் வரிசை. சுருக்கும் ஃபில்டரின் இயல்பு மதிப்பு மிப்மேப்பை எதிர்பார்க்கும். நீங்கள் அதை உருவாக்கவும் இல்லை, ஃபில்டரை லீனியர் என்று மாற்றவும் இல்லை என்றால் கறுப்புதான். வெப்ஜிஎல் 1இல் இன்னும் கட்டுப்பாடு உண்டு: அகலமும் உயரமும் 256, 512 போல இரண்டின் அடுக்காக இல்லாவிட்டால் மிப்மேப்பும் கிடையாது, ரிபீட்டும் கிடையாது. ஓரத்தில் நிறுத்தும் கிளாம்ப் முறையும் லீனியர் ஃபில்டரும் வைத்தால் படம் தெரியும். வெப்ஜிஎல் 2இல் அளவுக் கட்டுப்பாடு போய்விட்டது, இயல்பு ஃபில்டர் அப்படியே இருக்கிறது.

படத்துக்குப் பதில் அர்ரேயிலிருந்து ஏற்றுகிறவர்களுக்கு ஒரு தனிப் பொறி உண்டு. 3 பிக்சல் அகலம், 2 பிக்சல் உயரம், பிக்சலுக்கு ஒரு பைட். 6 பைட் போதும் என்றுதானே கணக்குப் போடுவோம்? அர்ரே போதவில்லை என்று 1282 வரும். ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்கில் தொடங்க வேண்டும் என்பது இயல்பு நிலை. ஆகவே முதல் வரிசைக்கு 4, இரண்டாவதற்கு 3, ஆக மொத்தம் 7 பைட் கேட்கிறது. அன்பேக் அலைன்மென்ட்டை 1 என்று மாற்றினால் சரியாகும். 4இன் மடங்கான அகலங்களில் இந்தப் பிழை தலைகாட்டாது. அதனால் பல நாள் ஓடிய நிரல் புதுத் தரவு வந்த அன்று உடையும்.

படம் ஏற்றும்போது செக்யூரிட்டி எரர் வருகிறது.

இது உண்மையிலேயே எக்ஸெப்ஷனாக வரும். வேறு தளத்துப் படம் என்றால் அந்த சர்வர் கார்ஸ் அனுமதி (வேறு தளம் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல்) தர வேண்டும், நீங்களும் படத்தின் கிராஸ்ஆரிஜின் பண்பை அனானிமஸ் என்று முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். ஹெச்டிஎம்எல் கோப்பை நேரடியாக டபுள் கிளிக் செய்து திறந்தாலும் இதே பிழை வரும். பைத்தான் இருந்தால் அதன் ஹெச்டிடிபி சர்வரை அந்த ஃபோல்டரில் ஓடவிட்டு, லோக்கல்ஹோஸ்ட் 8000இல் திறந்துகொள்ளுங்கள்.

கெட்கான்டெக்ஸ்ட் நல் தருகிறது.

அதே கேன்வாஸில் முன்பு 2டி கான்டெக்ஸ்ட் வாங்கியிருக்கிறீர்களா? ஒரு கேன்வாஸுக்கு ஒரு வகைதான். அப்படி இல்லையென்றால் பிரவுசரில் ஹார்டுவேர் முடுக்கம் அணைந்திருக்கலாம். க்ரோமின் ஜிபியு பக்கமும் ஃபயர்ஃபாக்ஸின் சப்போர்ட் பக்கமும் காரணத்தைச் சொல்லும்.

லேப்டாப்பில் அருமையாக ஓடுவது போனில் மட்டும் தப்பாகத் தெரிகிறது. எப்படி?

இது எனக்கே நடந்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர் அலைகிற மாதிரி ஒரு ஷேடர் எழுதியிருந்தேன். நேரத்தை விநாடியில் யூனிஃபார்மாக அனுப்பி, அதை சைனுக்குள் கொடுப்பேன். லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடியது. நண்பரின் போனில் திறந்தபோது முதலில் அழகாக ஓடி, ஒரு நிமிடம் தாண்டியதும் அலை வெட்டி வெட்டி நகர்ந்தது. இரண்டு நிமிடத்தில் இன்னும் மோசம். பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி வழுவழுவென்று ஓடும். போன் சூடாகி வேகம் குறைகிறது என்றே நினைத்தேன். ஆனால் ஃபிரேம் எண்ணிக்கை விநாடிக்கு 60இலிருந்து இறங்கவே இல்லை.

ஷேடரின் தலையில் துல்லியத்தை மீடியம்ப் என்று எழுதியிருந்தேன். லேப்டாப்பில் அதற்கு முழு 32 பிட் கிடைக்கும். பல போன்களில் உண்மையாகவே 16 பிட்தான். 16 பிட் ஃப்ளோட்டில் மதிப்பின் துல்லியத்துக்கு ஒதுக்கிய இடம் 10 பிட். 64க்கும் 128க்கும் நடுவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம் 0.0625. ஆனால் ஒரு ஃபிரேம் சுமார் 0.0167 விநாடி. அதாவது 64 விநாடி தாண்டியதும் நேரம் விநாடிக்கு 16 படியாகத்தான் ஏறும். 128 தாண்டினால் 8 படி. நான் பார்த்த வெட்டு அதேதான்.

அலையின் ஒரு சுற்று முடியும் நேரத்தால் வகுத்து, மீதியை மட்டும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அனுப்பினேன். எண் பெரிதாகாது, வெட்டும் போய்விட்டது. ஹைம்ப் (உயர் துல்லியம்) என்று மாற்றுவதும் பெரும்பாலும் போதும். ஒரே யூனிஃபார்மை இரண்டு ஷேடரிலும் அறிவித்தால் துல்லியமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லிங்க் பிழை வரும்.

சந்தேகம் இருந்தால் கெட்ஷேடர்பிரிசிஷன்ஃபார்மட்டைக் கேளுங்கள், அந்தக் கருவியில் உண்மையில் எத்தனை பிட் என்று சொல்லும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வழியாக இணைத்து, க்ரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போனின் கன்சோலை அப்படியே கணினியில் பார்க்கலாம்.

ஷேடருக்குள் ஒரு மதிப்பைப் பார்க்க வேண்டும். கன்சோல்.லாக் மாதிரி ஏதாவது உண்டா?

இல்லை. நிறம்தான் உங்கள் கன்சோல். பார்க்க வேண்டிய மதிப்பை 0க்கும் 1க்கும் நடுவில் கொண்டுவந்து நிறமாக வெளியே விடுங்கள். நார்மலை 0.5ஆல் பெருக்கி 0.5 கூட்டினால் பொருளின் மேல் மென்மையான வண்ணக் கலவை தெரியும். திடீரென்று ஒரு முகம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அங்கே நார்மல் திரும்பியிருக்கிறது. டெக்ஸ்சர் ஆயத்தொலைவை சிவப்பிலும் பச்சையிலும் போட்டால் படம் தலைகீழாக வருவதற்கான காரணம் உடனே பிடிபடும். ஒளிக் கணக்கில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் மினுக்கினால் நீளம் 0 ஆன வெக்டரை நார்மலைஸ் செய்கிறீர்களா, எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் படம் மறைந்துவிடுகிறது.

கான்டெக்ஸ்ட் போயிருக்கும். டெஸ்க்டாப் க்ரோமில் ஒரே நேரத்தில் 16 கான்டெக்ஸ்டுக்கு மேல் திறந்தால் பழையதைப் பறித்துக்கொள்ளும். ரியாக்டில் காம்போனென்ட் மறையும்போது பழைய ரெண்டரரை விடுவிக்காதவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இன்னொரு காரணம், ஒரே வரைதல் அளவுக்கு மீறி நேரம் எடுப்பது. விண்டோஸில் ஜிபியு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் டிரைவரையே மீட்டுத் தொடங்கிவிடும், நீளமான லூப் உள்ள ஷேடர் அதற்குப் போதும்.

கான்டெக்ஸ்ட் லாஸ்ட் நிகழ்வில் பிரிவென்ட்டிஃபால்ட் அழைத்தால்தான் மீண்டும் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. கிடைத்ததும் பஃபர், டெக்ஸ்சர், ஷேடர் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். லூஸ் கான்டெக்ஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷனால் இந்த நிலையை நீங்களே வரவழைத்துச் சோதிக்கலாம்.

கேன்வாஸைப் படமாகச் சேமித்தால் காலியாக வருகிறது.

திரையில் காட்டி முடித்ததும் பஃபர் அழிக்கப்படுவதுதான் இயல்பு. வரைந்த அதே ஃபங்ஷனுக்குள் உடனே சேமியுங்கள். பிரிசர்வ் டிராயிங் பஃபர் என்ற அமைப்பும் உண்டு, ஆனால் அதனால் வேகம் குறையலாம்.

படம் மங்கலாக இருக்கிறது.

சிஎஸ்எஸ் அளவு வேறு, கேன்வாஸின் பிக்சல் அளவு வேறு. நீங்கள் சொல்லாவிட்டால் பிக்சல் அளவு 300க்கு 150. திரையின் பிக்சல் விகிதத்தால் பெருக்கி அகலம், உயரம் இரண்டையும் வைத்து, வியூபோர்ட்டையும் மாற்றுங்கள்.

எந்தக் கருவி உண்மையிலேயே உதவும்?

ஸ்பெக்டர்.ஜேஎஸ். பாபிலோன்.ஜேஎஸ் குழுவின் இலவசக் கருவி, பிரவுசர் எக்ஸ்டென்ஷனாகக் கிடைக்கும். ஒரு ஃபிரேமைப் பிடித்து, அதில் நடந்த ஒவ்வொரு வெப்ஜிஎல் அழைப்பையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு வரைதலுக்கும் பிறகு படம் எப்படி இருந்தது, அப்போது டெப்த், பிளெண்ட், டெக்ஸ்சர், யூனிஃபார்ம் எல்லாம் என்ன நிலையில் இருந்தன என்று காட்டும். முதல் பொருள் சரியாக வந்து இரண்டாவது கெடுகிறது என்றால், முந்தைய வரைதல் விட்டுச்சென்ற ஏதோ ஒரு நிலைதான் பெரும்பாலும் காரணம். இரண்டு அழைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெப்ஜிபியுவுக்கு மாறினால் இந்தத் தொல்லைகள் குறையுமா?

வெப்ஜிபியு என்பது வெப்ஜிஎல்லுக்கு அடுத்த தலைமுறை. பிழைச் செய்தியைப் பொறுத்தவரை நிச்சயம் குறையும். 2023இல் க்ரோம் 113இல் வந்த வெப்ஜிபியுவில், எந்தப் பொருளில் என்ன பொருந்தவில்லை என்று முழு வாக்கியமாகச் சொல்லும். ஒவ்வொரு பஃபருக்கும் பைப்லைனுக்கும் லேபிள் கொடுத்தால் செய்தியில் அந்தப் பெயரே வரும். ஆகவே லேபிளை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். எரர் ஸ்கோப் என்பதை வைத்து, குறிப்பிட்ட சில வரிகளுக்குள் நடந்த பிழையை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். ஆனால் கேமராவுக்குப் பின்னால் போன முக்கோணம் அங்கேயும் பிழை இல்லை. மெஜந்தாவும் ஒற்றைப் புள்ளியும் அங்கேயும் வேண்டும்.

மற்றவரிடம் உதவி கேட்கும்போது எதையெல்லாம் தர வேண்டும்?

கன்சோலில் வந்த முதல் செய்தி. கடைசிச் செய்தி அல்ல. முதல் பிழையால்தான் மற்றவை அடுக்காக வரும், பல பிழைகளுக்குப் பிறகு பிரவுசர் அச்சிடுவதையே நிறுத்திவிடும். அப்புறம் பிரவுசரின் பெயரும் பதிப்பும், கிராஃபிக்ஸ் கார்டின் பெயர், வேறொரு கருவியில் எப்படித் தெரிகிறது என்பது. பிழை மறையாத வரை நிரலை வெட்டிக்கொண்டே போய் மிஞ்சியதை அனுப்புங்கள். வெட்டும்போது எந்த வரியை எடுத்ததும் பிழை மறைந்ததோ, அந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்.